குப்பியும் மூட்டையும்: மீநுண் உரம் பற்றிய சில எண்ணங்கள்

சங்ககிரி என்றவுடன் பலர்க்கும் நினைவில் எழுவன இரண்டு. ஒன்று, 1805-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31-ஆம் நாள் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட மலைக்கோட்டை. மற்றொன்று, நாட்டின் நெடுஞ்சாலைகளிலெல்லாம் இவ்வூர்ப் பெயரைச் சுமந்து ஓடும் லாரிகள். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதனை எவரும் எடுத்துப் பேசுவதில்லை. தெற்கே திருச்செங்கோட்டையும் மேற்கே காவிரிக் கரையையும் வடக்கே எடப்பாடியையும் நோக்கி விரிந்து கிடக்கும் நம் விளைநிலமே அது. மரவள்ளியும் நிலக்கடலையும் பருத்தியும் மஞ்சளும் கரும்பும் மாறி மாறி விளையும் மண். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து கிழக்குக் கரைக் கால்வாயிலும் மேற்குக் கரைக் கால்வாயிலும் நீர் வரும் காலத்தில், சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் ஏறத்தாழ 45,000 ஏக்கர் பசுமை பூணும். நம் கல்லூரி மாணவச் செல்வங்களில் பலர் இந்நிலத்தை உழும் குடும்பங்களிலிருந்து வருபவர்கள். ஆகவே, உரத்தைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் ஏன் எழுதவேண்டும் என்று எவரும் வினவமாட்டார்கள் என நம்புகிறோம்.

அப்படியே வினவினாலும் விடையுண்டு. உழுவதைக் காட்டிலும் எருவிடுதலை மேலாக வைத்துப் பேசியவர் வள்ளுவர். புழுதி எவ்வளவு காயவேண்டும் என்பதைக்கூட எடைக் கணக்கில் வைத்துச் சொன்னது அவருடைய உழவு அதிகாரம். உழவரிடம் பேசும்போது அளவைச் சொல்லிப் பேசுவது நமக்குப் புதிதன்று. இக்கட்டுரையில் நாம் கேட்க விரும்புவதும் அந்த அளவைத்தான்.

அண்மை ஆண்டுகளில் உரக்கடைகளிலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும் ஒரு சிறு குப்பி வந்து அமர்ந்திருக்கிறது. அரை லிட்டர் கொள்ளும் அக்குப்பிக்கு ‘நானோ யூரியா’ என்று பெயர். இந்திய உழவர் உரக் கூட்டுறவு நிறுவனமாகிய இஃப்கோ, 2021-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இதனை அறிமுகம் செய்தது. அதற்குச் சில திங்கள் முன்னரே உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் நடுவண் அரசின் இசைவு கிடைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் குசராத்து மாநிலம் கலோலில் இதற்கென அமைந்த ஆலையைப் பிரதமர் திறந்து வைத்தார். 2023 ஏப்பிரலில் நானோ டி.ஏ.பி. வந்தது. தொடக்கத்தில் 240 ரூபாயாக இருந்த யூரியாக் குப்பியின் விலை பின்னர் 225 ரூபாயாயிற்று. குப்பியோடு ஒரு வாக்குறுதியும் வந்தது. அரை லிட்டர்க் குப்பி ஒன்று, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடு என்பதே அது.

மூட்டையைத் தோளில் சுமந்து வரப்பில் நடந்த எவரும் இதைக் கேட்டு மகிழ்ந்திருப்பார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகும் உரம்! விளம்பரம் எழுதியவரின் கற்பனையை நாமும் பாராட்டுகிறோம். எனினும் பாராட்டிய பின் ஒரு பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்வது நல்லது.

யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. 45 கிலோ மூட்டையில் இருப்பது 20 கிலோ 700 கிராம். முதலில் வந்த குப்பியில் தழைச்சத்து 4 விழுக்காடு. அரை லிட்டருக்கு 20 கிராம். ஒருபுறம் இருபது கிலோவுக்கு மேல், மறுபுறம் இருபது கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு. 2024-இல் செறிவு கூட்டிய குப்பி வந்தது. அதில் கனஅளவுக் கணக்கில் 20 விழுக்காடு, அதாவது அரை லிட்டருக்கு 100 கிராம். அப்போதும் மூட்டையில் இருநூற்றில் ஒரு பங்கே.

இதற்கு மறுமொழி ஒன்று உண்டு. மண்ணில் இடும் யூரியாவில் பெரும்பகுதி ஆவியாகியும் நீரோடு இறங்கியும் வீணாகிறது, இலையில் தெளிப்பது வீணாவதில்லை என்பர். முற்பகுதி உண்மையே. இடும் தழைச்சத்தில் பாதிக்கு மேல் பயிருக்குச் சேர்வதில்லை என்பது வேளாண் அறிஞர் பலகாலமாகச் சொல்லி வருவது. மூன்றில் ஒரு பங்குதான் சேர்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மூட்டையிலிருந்து பயிர் பெறுவது ஏறத்தாழ 7 கிலோ. குப்பியில் இருப்பது ஒரு துளியும் சிந்தாமல், ஒரு துளியும் ஆவியாகாமல் முழுவதும் இலைக்குள் புகுந்ததாகவே கொள்வோம். பயிர் பெறுவது 20 கிராம். நூற்றுக்கு நூறு பயன் தரும் பொருளாயினும், தன்னிடம் இல்லாததை அது தர இயலாதல்லவா? ஒரு டன் நெல் விளைவதற்குப் பயிர் 15 முதல் 20 கிலோ வரை தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. தானிய மணியில் உள்ள புரதம் இத்தழைச்சத்தினால் ஆனது. அது வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும். குப்பியிலிருந்து வரவில்லையெனின் மண்ணில் முன்னரே இருந்த சேமிப்பிலிருந்து வரும். சேமிப்பிலிருந்து எடுத்து உண்பவன் ஓரிரு ஆண்டு செல்வனாகவே தோன்றுவான்.

‘நானோ’ என்னும் சொல் கிரேக்கத்தில் குள்ளனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ எண்பதாயிரம் முதல் ஒரு இலட்சம் நானோமீட்டர். குப்பியில் உள்ள துகள்கள் 20 முதல் 50 நானோமீட்டர் அளவின என்றும், அதனால் இலைத்துளை வழியே எளிதில் புகும் என்றும் கூறப்படுகிறது. ஈண்டு ஒன்று நினைவிற்கொள்ளத்தக்கது. சாதாரண யூரியாவை நீரில் கரைத்தால் அது தனித்தனி மூலக்கூறுகளாகப் பிரிந்துவிடுகிறது. அம்மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு நானோமீட்டரினும் சிறிது. குள்ளனைவிடச் சிறிய குள்ளன் ஏற்கெனவே நம் வீட்டு வாளியில் இருக்கிறான். இருநூறு லிட்டர் நீரில் நான்கு கிலோ யூரியாவைக் கரைத்து, இரண்டு விழுக்காட்டுக் கரைசலாக ஓர் ஏக்கருக்குத் தெளிக்கும் பழக்கம் நம் உழவர்க்குப் புதிதன்று. அந்நான்கு கிலோவில் தழைச்சத்து 1 கிலோ 840 கிராம். முதற்குப்பியைப் போல் 92 மடங்கு. அவ்வாறு தெளித்தவர் எவரும் தம் அடியுரத்தையும் மேலுரத்தையும் நிறுத்திவிட்டோம் என்று சொல்லக் கேட்டதில்லை. அது துணையுரமாகவே கருதப்பட்டது.

கணக்கு தாளில் சரி, வயலில் எப்படி என்று கேட்பவர் உண்டு. கேட்கவேண்டியதுதான். லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நெல்லிலும் கோதுமையிலும் இரண்டாண்டு வயல் ஆய்வு நடத்தினர். வழக்கமான தழைச்சத்து அளவோடு ஒப்பிடுகையில், நானோ யூரியா தெளித்த வயலில் கோதுமை விளைச்சல் 21.6 விழுக்காடும் நெல் விளைச்சல் 13 விழுக்காடும் குறைந்ததாக அவர்கள் கண்டனர். தானியத்தில் உள்ள தழைச்சத்தும் நெல்லில் 17, கோதுமையில் 11.5 விழுக்காடு குறைந்திருந்தது. விளைந்ததும் குறைவு, விளைந்ததில் புரதமும் குறைவு என்பது இதன் பொருள். கோபன்கேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாக்ஸ் ஃபிராங்க், சோரன் ஹஸ்டட் என்னும் இருவர், இப்பொருளைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றுக்குப் போதிய அறிவியல் சான்று இல்லை என்று 2023-இல் ‘பிளாண்ட் அண்ட் சாயில்’ என்னும் ஆய்விதழில் எழுதினர். உற்பத்தி நிறுவனத்தின் கூற்றோ வேறு. 94 பயிர்களில், 11,000-க்கு மேற்பட்ட உழவர் வயல்களில் சோதித்ததாகவும் சராசரியாக 8 விழுக்காடு விளைச்சல் கூடியதாகவும் அது அறிவித்திருக்கிறது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பவர்க்கு ஐயம் எழுவது இயல்பு. நம்மைப் பொறுத்தவரை, அடியுரமாக முன்னரே மண்ணில் யூரியா இட்டிருந்த வயலில் குப்பியைத் தெளித்துக் கூடுதல் கண்டால், அக்கூடுதலுக்கு யார் உரிமை கொண்டாடுவது என்பதே முதல் வினா. குப்பி தெளிக்காது வெறும் நீர் தெளித்த பாத்தியொன்று பக்கத்தில் இருந்தாலன்றி அவ்வினாவுக்கு விடையில்லை.

கடல் கடந்து நம் மொழி பேசுவோர் வாழும் நாட்டில் நடந்ததையும் இங்கே சொல்லவேண்டும். இலங்கை அரசு 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் வேதியுர இறக்குமதியைத் தடை செய்தது. அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் கிளிநொச்சியிலும் பெரும்போக நெல்லுக்கு நிலத்தைப் பண்படுத்திய உழவர்கள் உரமின்றித் தவித்தனர். அவ்வாண்டு நவம்பர்த் தொடக்கத்தில் இந்திய வான்படையின் இரண்டு பெரிய விமானங்கள் நூறு டன் நானோ தழைச்சத்து நீர்மத்தைக் கொழும்புக்குக் கொண்டு சேர்த்தன. நட்பு நாட்டின் உதவி என்ற முறையில் அதனைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் கணக்கு கணக்கே. நூறு டன் நீர்மத்தில் 4 விழுக்காடு எனின் 4 டன் தழைச்சத்து. அதனைத் தருவதற்கு வேண்டும் சாதாரண யூரியா ஒன்பது டன்னுக்கும் குறைவு. மூட்டையில் சொன்னால் இருநூறுகூட இல்லை. சங்ககிரிப் பெரியோர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா. இரண்டு வான்படை விமானங்கள் சுமந்து சென்ற சத்து, நம்மூர் லாரி ஒன்றின் ஒரு நடைச் சுமை! அந்நவம்பர் இறுதியில் தடை நீக்கப்பட்டது. ஆனால் காலம் கடந்திருந்தது. அப்பெரும்போகத்தில் இலங்கையின் நெல் விளைச்சல் பெரிதும் சரிந்தது. சரிவுக்குக் காரணம் தடையேயன்றிக் குப்பியன்று. ஆனால் மூட்டை இல்லாத இடத்தைக் குப்பியால் நிரப்ப முடியவில்லை என்பதையும் மறைக்க இயலாது.

இவ்வளவும் சொன்னதால் யூரியா மூட்டைக்கு நாம் வழக்குரைஞராக வந்திருக்கிறோம் என்று கருதவேண்டா. மலிவாகக் கிடைப்பதாலேயே யூரியாவை அளவின்றி வாரி இறைக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக ஒரு மூட்டைக்கு உழவர் கொடுப்பது 242 ரூபாய். உண்மை அடக்க விலை அதனைப் போல் பல மடங்கு. எஞ்சியதை அரசு மானியமாக ஏற்கிறது. 2022-23-ஆம் ஆண்டில் நாட்டின் உர மானியம் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. மிகையாக இட்ட யூரியா கிணற்று நீரில் நைட்ரேட்டாக இறங்குகிறது. வானில் நைட்ரசு ஆக்சைடாக ஏறுகிறது. அவ்வளி புவியை வெப்பமாக்குவதில் கரியமில வளியினும் இருநூற்றெழுபது மடங்கு வலியது. மூட்டையைக் குறைக்கவேண்டும் என்னும் அரசின் நோக்கம் நல்ல நோக்கம். அதனை எவ்வழியில் குறைப்பது என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

குறைக்கும் வழிகள் நம்மிடமே உள்ளன. அவை குப்பியைப் போல் பளபளப்பதில்லை, அவ்வளவே. யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு ஆகிய மூன்றையும் 5:4:1 என்னும் விகிதத்தில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. 2015 முதல் நாட்டில் விற்கும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டும் என்று ஆனதும் இக்கருத்தின் நீட்சியே. நெற்பயிரின் இலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பச்சை வெளிறினால் மட்டும் மேலுரம் இடச் சொல்லும் இலை வண்ண அட்டை ஒரு சிறு பிளாஸ்டிக்குத் துண்டு. அதைக் கையில் வைத்திருக்கும் உழவரை நாம் அரிதாகவே காண்கிறோம். கொழிஞ்சியும் தக்கைப்பூண்டும் சணப்பையும் மடக்கி உழுவதை நம் பாட்டனார் அறிவர். பக்கத்தில் நாமக்கல் இருக்கிறது. கோடிக்கணக்கான கோழிகள் நாட்டுக்கு முட்டையும் நமக்கு எருவும் தருகின்றன. மாட்டெருவினும் தழைச்சத்து மிகுந்தது கோழியெரு. நன்கு மக்கவைத்து அளவோடு இட்டால், மண்ணின் கரிமமும் உயரும், மூட்டையும் குறையும்.

இனி, மீநுண் தொழில்நுட்பம் முழுவதும் வீண் என்று தள்ளிவிடலாமா? கூடாது. ஒரு பொருளின் விளம்பரம் மிகையானது என்பதனால் ஓர் அறிவுத்துறையே பொய்யாகிவிடாது. அத்துறை எங்கே பயன்படும் என்பதற்கு நம் மண்ணே விடை சொல்கிறது.

தமிழில் உரச்சத்துகளுக்கு வழங்கும் பெயர்கள் அழகியவை. இலையைத் தழைக்கச் செய்வது தழைச்சத்து. கதிரில் மணி பிடிக்கத் துணை நிற்பது மணிச்சத்து. மரம் எரிந்த சாம்பலில் கிடைப்பது சாம்பல்சத்து. ஆங்கிலப் பாடநூல் மூன்று எழுத்துகளில் முடித்துக்கொள்வதை நம் மொழி வேலையைச் சொல்லி விளக்குகிறது. இம்மூன்றையும் பேரூட்டம் என்பர். பயிர் இவற்றைக் கிலோக் கணக்கில் கேட்கும். இரும்பு, துத்தநாகம், போரான், மாங்கனீசு முதலியவை நுண்ணூட்டம். பயிர் இவற்றைக் கிராம் கணக்கில் கேட்கும். கிலோவில் கேட்பதைக் குப்பியில் கொடுக்க முடியாது. கிராமில் கேட்பதைக் குப்பியில் கொடுக்கலாம். நாம் சொல்ல வந்ததன் உயிர்நாடி இதுவே.

சங்ககிரிப் பகுதியின் மரவள்ளியை எடுத்துக்கொள்வோம். சேலத்து ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1981-இல் அமைந்த சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் அதனைச் சார்ந்த ஆலைகளும் இக்கிழங்கை நம்பியே நிற்கின்றன. இறவை மரவள்ளிக்கு ஓர் எக்டேருக்குத் தழைச்சத்து 90 கிலோவும் மணிச்சத்து 90 கிலோவும் பரிந்துரைக்கப்படுகின்றன. சாம்பல்சத்தோ 240 கிலோ. கிழங்கில் மாவு சேர்வதற்கு வேண்டுவது அதுதான். இப்பயிரின் பெரும்பசி சாம்பல்சத்தைப் பற்றியதாக இருக்க, தழைச்சத்துக் குப்பியை அதன்முன் நீட்டுவது, சோறு கேட்பவனுக்குத் தண்ணீர் கொடுப்பது போன்றது. பொட்டாஷ் உரம் முழுவதும் அயல்நாட்டிலிருந்து வரவேண்டியது. 2022-இல் 50 கிலோ மூட்டை 1,700 ரூபாய்க்கு ஏறியபோது மரவள்ளி உழவர் பட்ட பாட்டைப் பற்றி எந்த விளம்பரமும் பேசவில்லை.

ஆனால் அதே மரவள்ளிக்கு வேறொரு நோய் உண்டு. இளம் இலைகள் பச்சை இழந்து மஞ்சளாகி, பின் வெள்ளைத் தாள் போல் வெளிறும். நரம்பு மட்டும் சிறிது காலம் பச்சையாய் நிற்கும். இது பூச்சியாலோ பூசணத்தாலோ வருவதன்று. இரும்புச் சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இல்லையா எனின், இருக்கிறது. செம்மண்ணின் செம்மையே இரும்பினால் வந்தது. பின் ஏன் குறைபாடு? காரணம் சுண்ணாம்பு. சங்ககிரியில் 1960-களில் சிமெண்டு ஆலை எழுந்ததற்குக் காரணமான அதே சுண்ணாம்புக் கல்தான் இதற்கும் காரணம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறி, வேருக்கு எட்டாமல் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. களஞ்சியம் நிறைந்திருந்தும் சாவி இல்லாத நிலை. அங்கே மேலும் இரும்பை மண்ணில் கொட்டினாலும் அதுவும் பூட்டிக்கொள்ளும். ஆகவேதான் அன்னபேதி உப்பைக் கரைத்து இலையில் தெளிக்கச் சொல்கின்றனர். அன்னபேதிக் கரைசலோ காற்றுப்பட்டவுடன் துருவாக மாறத் தொடங்கும். செறிவு சற்றே கூடினால் இலை கருகும். மீண்டும் மீண்டும் தெளிக்க ஆள் கூலி வேண்டும்.

மீநுண் அறிவியலுக்கு வேலை இருக்குமிடம் இதுவே. துருப்பிடிக்காமல், இலையைக் கருக்காமல், மெல்ல மெல்ல இரும்பை விடுவிக்கும் துகளொன்றை ஆக்கித் தந்தால், ஏக்கருக்கு ஒரு குப்பி என்பது மிகையான பேச்சாக இராது. தேவையே சிறிது, ஆகவே சிறிய குப்பி போதும். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2010-லேயே நானோ அறிவியல், தொழில்நுட்பத் துறையை நிறுவியது. பேராசிரியர் கே.எஸ்.சுப்பிரமணியன் முதலானோர் அங்கே சியோலைட்டு என்னும் கனிமத்தைக் கொண்டு ஆய்வு செய்தனர். தேன்கூடு போன்ற நுண்துளைகள் நிறைந்தது அக்கனிமம். துளைகளில் சத்தை அடைத்து வைத்தால், நீர்பட்டவுடன் கொட்டிவிடாமல் சிறிது சிறிதாக வெளிவிடும். யூரியாவை ஒழிப்பதன்று அவ்வாய்வின் போக்கு. யூரியாவை ஊதாரித்தனம் செய்யாமல் காப்பதே அதன் போக்கு. வேப்பம் புண்ணாக்குக் கலவையின் பேரப்பிள்ளை என்று அதனைச் சொல்லலாம். இத்தகைய உழைப்பு நாளிதழின் முதற்பக்கத்தில் வருவதில்லை என்பது நம் வருத்தம்.

ஓர் எச்சரிக்கையையும் இடையில் சொல்லி வைக்கிறோம். யூரியா உடலில் கரைந்து போகும் பொருள். துத்தநாகம், செம்பு முதலிய உலோகத் துகள்கள் அவ்வாறல்ல. மீநுண் உலோகத் துகள்கள் மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளுக்கும், தெளிப்பவரின் மூச்சுக்குழாய்க்கும், நாம் உண்ணும் கிழங்குக்கும் என்ன செய்யும் என்பதைச் சோதித்தே விற்கவேண்டும். நடுவண் அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை 2020-இல் இதற்கென நெறிமுறைகளை வெளியிட்டது. நெறிமுறை அலமாரியில் இருந்தால் போதாது. ஆய்வு முடிவு உழவன் படிக்கும் மொழியில் வெளிவர வேண்டும்.

இவற்றையெல்லாம் விட நம்மை வருத்துவது விற்பனை முறை. யூரியா மூட்டை வேண்டுமெனின் குப்பியையும் சேர்த்து வாங்கு என்று சில கடைகளில் கட்டாயப்படுத்துவதாக உழவர்கள் நாடெங்கும் முறையிட்டனர். மழை பெய்து ஈரம் இருக்கும் மூன்று நாளில் மேலுரம் இட்டாகவேண்டிய நிலையில் நிற்பவர் கடைக்காரரோடு வாதாடிக்கொண்டிருக்க முடியுமா? விரும்பாத குப்பிக்கும் காசைக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார். அக்குப்பி எரவாணத்தில் செருகப்பட்டு வெயிலில் காய்கிறது. 2025 சூலையில் நடுவண் வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் எல்லா மாநில முதலமைச்சர்களுக்கும் மடல் எழுதி, நானோ உரங்களை வழக்கமான உரத்தோடு பிணைத்து விற்பதை உடனே நிறுத்தவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அமைச்சரே எழுதவேண்டிய அளவுக்கு அம்முறை பரவியிருந்தது என்பதை இம்மடலால் அறிகிறோம். நல்ல சரக்குக்குக் கட்டாய மணம் எதற்கு? நானோ யூரியா தன் தகுதியால் விலைபோகுமாயின், உழவர் தாமே தேடி வந்து வாங்குவார்.

இஃப்கோ தனியார் வணிக நிறுவனமன்று. 1967-இல் தொடங்கப்பட்ட உழவர் கூட்டுறவு. நாடெங்கும் உள்ள பல்லாயிரம் கூட்டுறவுச் சங்கங்கள் அதன் உறுப்பினர்கள். அதன் இலாபமும் நம்முடையது, இழுக்கும் நம்முடையது. ஆகவே உரிமையோடு சிலவற்றைக் கேட்கிறோம். குப்பியின் முகப்பில் ‘ஒரு மூட்டைக்கு ஈடு’ என்னும் கருத்து எங்கும் எவ்வடிவிலும் வேண்டா. அவ்விடத்தில் ‘இதில் தழைச்சத்து இத்தனை கிராம்’ என்று தமிழில், முதியவர் கண்ணாடியின்றிப் படிக்கும் அளவில் அச்சிடுக. விழுக்காடு என்பதைவிடக் கிராம் என்பது உழவர்க்கு விளங்கும். துணையுரம் என்றே சொல்லி விற்றால் அதற்கும் வாங்குவோர் உண்டு. வறட்சியில் வேர் சத்தை உறிஞ்ச இயலாதபோதும், சொட்டுநீர் வசதி இல்லாத மேட்டு நிலத்திலும் இலைவழித் தெளிப்பு கைகொடுக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. ட்ரோன் கொண்டு தெளிப்பது கூலியாள் கிடைக்காத இக்காலத்தில் பெரும் வசதி என்பதும் உண்மை. ஆனால் தெளிக்கும் கருவி எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் தெளிக்கப்படும் சத்தின் அளவு உயர்ந்துவிடாது.

கல்லூரிக்கும் இதில் பங்குண்டு. ஆய்வு என்றால் வெண்ணிற மேலங்கியும் கண்ணாடிக் குழாயும் வேண்டும் என்று நம் மாணவர் எண்ணுகின்றனர். நெல் வயலொன்றில் ஐந்து ஐந்து சென்ட்டாக நான்கு பாத்திகள் போதும். முதற்பாத்திக்கு வழக்கமான மூட்டை உரம். இரண்டாவதற்கு அடியுரம் மட்டும் இட்டுப் பின் குப்பித் தெளிப்பு. மூன்றாவதற்கு அதே அடியுரம், குப்பிக்கு மாற்றாக வெறும் நீர். நான்காவதற்கு அதே அடியுரத்தோடு இரண்டு விழுக்காட்டு யூரியாக் கரைசல். பாத்திகளுக்கிடையே வரப்பை உயர்த்தி, ஒன்றின் நீர் மற்றொன்றில் பாயாமல் தடுக்கவேண்டும். அறுவடை நாளில் ஊர்ப் பெரியவர் ஒருவரை முன்னிறுத்தி நான்கையும் தனித்தனியே அடித்து, காயவைத்து, ஒரே தராசில் நிறுக்கவேண்டும். ஒரு பருவத்தோடு நிறுத்தாமல் அதே பாத்திகளில் இரண்டாம் பருவமும் செய்யவேண்டும். மண்ணின் சேமிப்பு கரைவது முதற்பருவத்தில் தெரியாது. சந்தியூரில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தாரை அணுகினால் மண் ஆய்வுக்கு வழிகாட்டுவர். மரவள்ளித் தோட்டம் உள்ள மாணவர்கள் இரும்புக் குறைபாட்டுக்கு இதே முறையில் பாத்தி பிரித்துப் பார்க்கலாம். அது பத்துத் திங்கள் வேலை, பொறுமை வேண்டும்.

தமிழ் மாணவர்க்கு இதில் தனி வேலையும் இருக்கிறது. குப்பியோடு வரும் துண்டறிக்கையின் தமிழை நாம் படித்துப் பார்த்தோம். பிறமொழிச் சொற்றொடரை வரிக்கு வரி பெயர்த்த அத்தமிழ் தமிழர்க்கு விளங்கவில்லை. அளவையும் காலத்தையும் கலக்கும் முறையையும் நம் பகுதி உழவர் பேசும் சொல்லில், ஒரே பக்கத்தில் எழுதித் தர மூன்றாமாண்டு மாணவர் இருவரால் இயலும். நான்கு பாத்திகளின் எடை கைக்கு வந்ததும் அவ்வெண்களையும் அதே பக்கத்தின் அடியில் சேர்த்து, கூட்டுறவுச் சங்கச் சுவரில் ஒட்டலாம். எண்கள் குப்பிக்கு ஆதரவாக வந்தாலும் ஒட்டுவோம், எதிராக வந்தாலும் ஒட்டுவோம். கால்வாயில் நீர் திறக்கும் செய்தி வழக்கமாக ஆகஸ்டுத் தொடக்கத்தில் வரும். நாற்றங்காலுக்கு விதை ஊறப்போடும் முன்னரே பாத்திகளுக்கு முளைக்குச்சி அடித்து முடித்துவிடவேண்டும்.